கச்சான் காற்றோடு வருகிறவர்கள்

கச்சான் காற்று எழும்பிவிட்டால் எங்கள் ஊரில் ஓட்டோக்களின் கூரைக்கு வேலை வந்துவிடும். ஆறடி, எட்டடி நீளப் பைகளைக் கூரையில் வைத்துக் கட்டிக்கொண்டு, பொத்துவிலிலிருந்து களப்புப் பாலத்தைத் தாண்டி ஒன்றன்பின் ஒன்றாக வரும். பைக்குள் இருப்பவை அலைச்சறுக்குப் பலகைகள். உள்ளே இருக்கிறவர் அவுஸ்திரேலியாவிலிருந்தோ பிரான்சிலிருந்தோ இஸ்ரேலிலிருந்தோ வந்திருப்பார். விமானத்தில் பல மணி நேரம் இருந்துவிட்டு, கொழும்பிலிருந்து சுமார் 320 கிலோமீற்றர் தரைவழி வந்த களைப்பு முகத்தில் தெரியும். ஆனாலும் அறைக்குள் பையை வைத்ததும் முதல் வேலையாகக் கடற்கரைக்குத்தான் நடப்பார். அவர் வந்தது விடுதிக்காக இல்லை, சாப்பாட்டுக்காகவும் இல்லை. எங்கள் முனையில் உடைகிற அலைக்காக.

நான் அறுகம்பையில் பலகை திருத்துகிறவன். மீனவர் வீட்டுப் பிள்ளை. சீசனில் ஒரு சேர்ஃப் கேம்பில் பலகைகள் முழுவதும் என் பொறுப்பு. கச்சான் ஓய்ந்து வாடை தொடங்கியதும் கருவிகளைக் கட்டிக்கொண்டு தெற்கே வெலிகமைக்குப் போய்விடுவேன். ஊரில் வயதானவர்கள் இன்றைக்கும் கேட்பார்கள்: "இவ்வளவு காசைச் செலவழிச்சு இதுகள் ஒரு அலைக்காகவா வருதுகள்?" நியாயமான கேள்வி. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றும் உண்டு. அவர்கள் கொண்டுவரும் காசில் ஊருக்கு எவ்வளவு தங்குகிறது? இரண்டுக்கும் எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

ஐந்து நாள் பயணம்

எங்கள் கரையில் உடைகிற நல்ல அலை எங்கள் கடலில் பிறந்ததல்ல. அந்தாட்டிக்காவுக்கு வடக்கே, தென்சமுத்திரத்தில் வீசுகிற புயல்களில் பிறந்தது. அங்கே காற்று ஒரே திசையில் நெடுநேரம் கடலை உழுகிறது. அந்த வேகம் தண்ணீருக்குள் ஏறி, வரிவரியாகப் பிரிந்து வடக்கு நோக்கி நகர்கிறது. தண்ணீர் அங்கிருந்து இங்கே வருவதில்லை; வருவது விசை மட்டும்தான். ஒரு அலைக்கும் அடுத்ததற்கும் இடையே 14 விநாடி இருந்தால் அந்த அலைக்கூட்டம் ஆழ்கடலில் மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர் வேகத்தில் வரும். 5,000 கிலோமீற்றர் தாண்ட ஐந்து நாளுக்குச் சற்று அதிகம் ஆகும். அதனால்தான் இன்றைக்குக் கைபேசியில் புயலைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் எந்த நாளில் அலை பெரிதாகும் என்று முன்கூட்டியே சொல்ல முடிகிறது. இடைவெளி நீண்டால் அலைக்குப் பலம் அதிகம். ஏழெட்டு விநாடிக்கு ஒன்றாக வருவது பக்கத்துக் காற்று எழுப்பிய சில்லறை அலை.

அந்த விசை ஆழம் குறைந்த இடத்துக்கு வந்ததும் அடிப்பாகம் தரையில் உரசி வேகம் குறையும். மேற்பாகம் உயர்ந்து, முன்னால் சாய்ந்து உடையும். ஏறத்தாழ ஒரு மீற்றர் உயர அலை ஒன்றேகால் மீற்றர் ஆழத்தில் உடைந்துவிடும். நீள நெடுகச் சமமான கரையில் அலை முழுவதும் ஒரே நேரத்தில் விழுந்து நுரையாகிப்போகும். அதில் சறுக்க வழியில்லை. எங்கள் ஊரில் நிலம் கடலுக்குள் முனையாக நீண்டிருக்கிறது. அலை முனையைச் சுற்றி வளைந்து, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கமாகப் படிப்படியாக உடைந்துகொண்டே குடாவுக்குள் வருகிறது. உடையாத பாகத்தில் பலகையை வைத்து, உடைகிற பாகத்துக்குச் சற்று முன்னால் ஓடிக்கொண்டிருப்பதுதான் அலைச்சறுக்கு.

அடுத்தது காற்று. மே முதல் செப்டம்பர் வரை கச்சான் தரையிலிருந்து கடல் பக்கமாக வீசும். எதிரே வருகிற அலையின் முகத்தை அது நிமிர்த்திப் பிடிக்கும். அலை சுத்தமாக, மெதுவாக உடையும். அதே மாதங்களில் தென்மேற்குக் கரையில் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசி அலையைக் குழப்பிவிடும். நவம்பருக்குப் பிறகு எல்லாம் தலைகீழ். எங்கள் பக்கம் வாடையும் மழையும். ஹிக்கடுவை, வெலிகமை, மிரிஸ்ஸ பக்கம் கடல் தெளிந்துவிடும். ஒரே தீவில் ஆண்டு முழுவதும் அலை கிடைப்பதற்குக் காரணம் இதுதான். என்னைப் போன்றவர்கள் ஆண்டுக்கு இரண்டு ஊரில் வாழ்வதற்கும் இதுவே காரணம்.

ஊரைச் சுற்றி முனைகள் பல உண்டு. அனுபவசாலிகளுக்கு மெயின் பொயின்ட். அடியில் பாறையும் பவளமும். அதன் உள்பக்கத்தில் பேபி பொயின்ட், கற்றுக்கொள்கிறவர்களுக்கு. வடக்கே விஸ்கி பொயின்ட், பொத்துவில் பொயின்ட். தெற்கே பாணமைப் பாதையில் பீனட் பாம், அதற்கும் அப்பால் உகந்தை. உகந்தை முருகன் கோயிலிலிருந்துதான் கதிர்காமப் பாத யாத்திரை குமண காட்டுக்குள் இறங்குகிறது. ஆடி மாதத்தை ஒட்டி அந்தப் பாதையில் காவி உடுத்த அடியார்களும் பலகை கட்டிய ஓட்டோக்களும் சேர்ந்தே போவதைப் பார்க்கலாம். யானை குறுக்கிட்டால் இரு தரப்பும் ஒன்றாகக் காத்து நிற்கும்.

பலகைக்குள் என்ன இருக்கிறது

ஹவாய் மக்கள் நூற்றாண்டுகளாக மரப்பலகையில்தான் சறுக்கினார்கள். 1912 ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்ற ஹவாய்க்காரர் டியூக் கஹானமோக்கு, போன நாடுகளிலெல்லாம் சறுக்கிக் காட்டி இதை உலகத்துக்குக் கொண்டுபோனார். 1935இல் டொம் பிளேக் பலகையின் அடியில் ஒரு துடுப்பைப் பொருத்தினார். அதன் பிறகுதான் பலகை சொன்ன பக்கம் திரும்பியது. 1950களின் முடிவில் கலிபோர்னியாவில் ஹோபி ஆல்டரும் கோர்டன் கிளார்க்கும் மரத்துக்குப் பதிலாகப் பொலியூரித்தேன் நுரையைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். பலகையின் எடையும் குறைந்தது. இன்று காணும் மூன்று துடுப்புப் பலகை அவுஸ்திரேலியாவின் சைமன் அன்டர்சன் கொண்டுவந்தது. அவர் 1981இல் பெல்ஸ் கடற்கரைப் போட்டியை அதில் வென்ற பிறகு உலகம் முழுவதும் அதுவே வழக்கமானது. இப்போது தாய்லாந்தில், சொன்புரியில் உள்ள தொழிற்சாலையிலும் பலகைகள் ஏராளமாகச் செய்யப்படுகின்றன.

உள்ளே நுரை, மேலே பைபர் கிளாஸ் துணி, அதை இறுக்கிப் பிடிக்கும் ரெசின். இவ்வளவுதான் பலகை. பாறையில் ஒரு அடி பட்டால் ஓடு உடைந்து நுரை தண்ணீர் குடிக்கும்.

ஒரு நாள் கேம்பில் வேலை பார்க்கும் தம்பி ஒரு பலகையைக் கொண்டுவந்தான். ஆறடி இரண்டு அங்குலம். ஓரத்தில் உள்ளங்கை அளவு நசுங்கியிருந்தது, நசுங்கிய இடம் மஞ்சளித்திருந்தது. பெருவிரலால் அழுத்தினேன், வெடிப்பின் வழியே உப்புத் தண்ணீர் கசிந்தது.

"அண்ணன், வெள்ளக்காரன் நாளைக்கே கேக்கிறான். ஏலுமா?"

"ஏலாது தம்பி. முதல்ல தண்ணி காயட்டும்."

அவசரப்பட்டு மேலே பூசிவிட்டால் உள்ளே அடைபட்ட தண்ணீர் நுரையைக் கெடுத்துவிடும். உடைந்த ஓட்டைக் கத்தியால் வெட்டி எடுத்தேன். உள்ளே வெள்ளை மணிகள் தெரிந்தன. ரிஜிபோம் பெட்டியில் இருக்கும் அதே வகை நுரை. இதைக் கண்டுகொள்ளாமல் சாதாரண பொலியெஸ்டர் ரெசினை ஊற்றினால் நுரை கரைந்து குழி விழுந்துவிடும். இதற்கு எபொக்சிதான் வேண்டும். இந்தவகைப் பலகையைக் கொளுத்தும் வெயிலிலும் வைக்கக்கூடாது. உள்ளே இருக்கும் காற்று விரிந்து ஓடு நுரையைவிட்டுக் கழன்றுவிடும். காயம் பட்ட பக்கம் கீழே இருக்கும்படி நிழலில் சாய்த்துவைத்தேன்.

காய்ந்த பிறகு, எபொக்சியில் நிரப்புத்தூளைக் குழைத்துக் குழியை நிரப்பினேன். இறுகியதும் பழைய வளைவு வரும்வரை தேய்த்தேன். மேலே பைபர் துணி இரண்டு துண்டு. இரண்டாவது முதலாவதைவிட விரலகலம் பெரிது. துணி ரெசினைக் குடித்துக் கண்ணுக்குத் தெரியாமல் போகவேண்டும். வெண்மையாகத் தெரிகிற இடத்தில் காற்று நிற்கிறது என்று பொருள். இந்த வேலையை விடியற்காலையில்தான் செய்வேன். மத்தியான வெக்கையில் கலவை கோப்பைக்குள்ளேயே இறுகிவிடும். கடைசியாக 80, 120, 220, 400 என்று உப்புத்தாள் மாற்றி மாற்றித் தேய்க்கவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டும்போது எங்கே உடைந்தது என்று விரலுக்குத் தெரியக்கூடாது. தெரியாவிட்டால்தான் வேலை முடிந்தது.

புதிதாகக் கற்கிறவர்கள் பலகை விடயத்தில் ஒன்றை நினைவில் வைத்திருக்கவேண்டும். மெல்லிய, கூர்மூக்குப் பலகை அழகாக இருக்கும். ஆனால் அது அனுபவசாலிக்கு. பலகையின் கொள்ளளவை லீற்றரில் சொல்வார்கள். 70 கிலோ எடையுள்ள அனுபவசாலி 28 லீற்றர்ப் பலகையில் ஓடுவார். அதே எடையுள்ள புதியவருக்கு 70 லீற்றருக்குக் குறையாத, எட்டடிக்கு மேற்பட்ட, மேல்பக்கம் மெதுவான நுரைப்பலகை வேண்டும். தலையில் பட்டாலும் காயம் குறைவு. சொந்தப் பலகையோடு விமானம் ஏறுகிறவர்கள் துடுப்புகளைக் கழற்றிவிடுங்கள். மூக்குக்கும் வாலுக்கும் தடிப்பான அணை கொடுங்கள், ஓரங்களில் துவாய்களைச் சுற்றுங்கள். என்னிடம் வரும் பலகைகளில் கணிசமானவை அலையில் உடைந்தவையல்ல, விமானத்தில் உடைந்தவை.

கேம்ப் நடத்துவது என்றால்

கேம்ப் என்பது தங்குமிடம், சாப்பாடு, பலகை, பயிற்சி எல்லாம் ஒரே கட்டணத்தில் தருகிற இடம். நாள் விடியுமுன் தொடங்குகிறது. காற்று கரையிலிருந்து வீசும் காலை நேரம்தான் பொன்னான நேரம். முற்பகல் கழிந்ததும் கடற்காற்று எழும்பி அலையைக் கலைத்துவிடும். பயிற்சியாளர் தேநீருக்கு முன்னால் கடலைப் பார்த்துவிட்டு வருவார். எத்தனை அடி, எந்த முனை, வற்றா பெருக்கா என்பதைப் பார்த்து யாரை எங்கே கூட்டிப்போவது என்று முடிவு செய்வார். அன்றைய நாளின் மிக முக்கியமான முடிவு அதுதான். உயிர் அதில் இருக்கிறது.

முதல் பாடம் மணலில். பலகையில் குப்புறப் படுத்து, நெஞ்சுக்குப் பக்கத்தில் கை ஊன்றி, ஒரே எழும்பலில் இரண்டு கால்களையும் கொண்டுவந்து நிற்கவேண்டும். அதைவிட முக்கியமான பாடம் விழுவது. தலைகீழாகப் பாயக்கூடாது, தட்டையாக விழவேண்டும், மேலே வரும்போது கையால் தலையை மூடிக்கொள்ளவேண்டும். கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் மாட்டினால் அதை எதிர்த்து நீந்தக்கூடாது. பக்கவாட்டில் நீந்தி வெளியே வரவேண்டும். பிறகு கடலின் சட்டம்: அலை உடையத் தொடங்கும் இடத்துக்கு யார் கிட்ட இருக்கிறாரோ அலை அவருக்கு. அவர் எழும்பி ஓடும்போது முன்னால் குதிக்கிறவர் இரண்டு பேரின் உயிரோடும் விளையாடுகிறார்.

எங்கள் கேம்பில் ஒரு பயிற்சியாளரிடம் நான்கு பேருக்கு மேல் விடுவதில்லை. சர்வதேச அலைச்சறுக்குச் சம்மேளனத்தின் பயிற்றுநர் சான்றிதழும் உயிர்காப்புப் பயிற்சியும் உள்ளவரே புதியவர்களைக் கடலுக்குக் கூட்டிப்போகலாம். கூட்டம் அதிகமான நாளில் கூடுதலாக ஆள் சேர்த்தால் காசு வரும். அப்படிச் செய்கிற இடங்களும் உண்டு. அந்தக் காசு எந்த நேரமும் ஒரு பிள்ளையின் கழுத்தெலும்பை விலையாகக் கேட்கும்.

வெளியே இருந்து பார்த்தால் கடற்கரையில் காசு கொட்டுகிற தொழில் போலத் தெரியும். உண்மையில் வருமானம் ஆண்டின் பாதிக்குத்தான். வாடகையும் வட்டியும் முழு ஆண்டுக்கும். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு, 2020 பெருந்தொற்று, 2022 எரிபொருள் வரிசை என்று அடுத்தடுத்து வந்தன. 2024 ஒக்டோபரில் அறுகம்பைப் பகுதியைத் தவிர்க்கும்படி அமெரிக்கத் தூதரகம் தன் நாட்டவருக்கு எச்சரிக்கை விடுத்தது. கடல் அப்படியேதான் இருந்தது. அலையும் இருந்தது. ஆட்கள் போய்விட்டார்கள்.

அலை யாருடையது

வெளிநாட்டில் போய்க் கேம்ப் நடத்துவது 1970களில் இந்தோனேசியாவில் தொடங்கியது. கிழக்கு ஜாவாவின் கிராஜகான் குடாவில், காட்டோரத்தில் உடையும் அலையை 1972இல் அமெரிக்கர்கள் தேடிப் போனார்கள். மைக் போயம் என்பவர் அங்கே மூங்கில் குடில்களைக் கட்டிக் கேம்ப் தொடங்கினார். பின்னர் அது பாலியைச் சேர்ந்த பொபி ராதியாசாவின் கைக்கு வந்தது. 1994 ஜூனில் நள்ளிரவு சுனாமி அந்தக் கரையை அடித்தது. ஜாவாவின் தென்கரையில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

மாலைதீவின் கதை வேறு. 1973இல் கப்பல் பவளப்பாறையில் மோதி அங்கே ஒதுங்கிய அவுஸ்திரேலியர் டோனி ஹைன்ட், எதிரே உடையும் அலைகளைக் கண்டு அங்கேயே தங்கிவிட்டார். இஸ்லாத்தைத் தழுவி, அந்த மண்ணிலேயே திருமணம் செய்து, பின்னாளில் சறுக்க வருவோருக்கான பயண நிறுவனத்தையும் தொடங்கினார். 2008இல் தனக்கு மிகவும் பிடித்த பாஸ்தா பொயின்ட் அலையில்தான் அவர் உயிர் பிரிந்தது.

பீஜியில் 1980களில் இரண்டு அமெரிக்கர்கள் தவருவா தீவில் தங்குமிடம் கட்டினார்கள். மீன்பிடி உரிமை வைத்திருந்த கிராமத்தோடு ஒப்பந்தம் போட்டு, அருகிலுள்ள கிளவுட்பிரேக் அலையைத் தங்கள் விருந்தினருக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்தார்கள். 2010இல் பீஜி அரசு ஆணை பிறப்பித்து அந்தத் தனியுரிமையை நீக்கியது. அலை எல்லாருக்கும் திறந்தது. கூட்டம் பெருகியது உண்மை. ஆனாலும் அலைக்கு வேலி போடமுடியாது என்ற நியாயம் அங்கே நிலைநாட்டப்பட்டது. என் கட்சியும் அதுதான்.

அலை யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அதற்கு முன்னால் இருக்கும் கரையில் மனிதர் வாழ்கிறார்கள். தோணி இழுக்கிறார்கள், வலை காயவைக்கிறார்கள். சறுக்குகிறவர்கள் வருவதற்கு முன்னும் அங்கே இருந்தார்கள். போன பின்னும் இருப்பார்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்தபோது அள்ளிக்கொண்டு போனது எங்கள் வீடுகளையும் எங்கள் ஆட்களையும்தான். போர்க்காலத்தில் சோதனைச்சாவடிகளுக்கு நடுவே சிறு விடுதிகளைத் திறந்துவைத்து வந்தவர்களுக்குச் சோறு போட்டவர்களும் எங்கள் ஊர்க்காரர்கள்தான். 2019இல் உலக அலைச்சறுக்கு லீக்கின் போட்டி மெயின் பொயின்டில் நடந்தபோது ஊருக்கே அது பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமையில் பெண்களுக்கும் பங்கு வரத் தொடங்கியிருக்கிறது. 2018இல் அறுகம்பைப் பெண்கள் அலைச்சறுக்குக் கழகம் உருவானது; இலங்கையில் பெண்களுக்கென்று அமைந்த முதல் கழகம். முன்னின்றவர்களில் ஒருவர் ஷமாலி சஞ்ஜய. பெண்பிள்ளை கடலில் இறங்குவதா என்று கேட்ட வீடுகளிலிருந்து பிள்ளைகள் பலகையோடு வந்தார்கள். சென்னைக்குப் பக்கத்திலுள்ள கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர், ஊர்ப்பிள்ளைகளுக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்து ஒரு பள்ளியையே உருவாக்கினார். கடலை அறிந்த சமூகம் தானே இந்தத் தொழிலைக் கையில் எடுக்கமுடியும் என்பதற்கு அது சான்று.

இதற்கு நேர்மாறான பாதையும் இருக்கிறது. 2024 பெப்ரவரியில் தெற்கே உனவட்டுனவில் வெள்ளையர்களுக்கு மட்டும் என்று வெளிநாட்டவர் சிலர் ஒரு விருந்துக்கு விளம்பரம் செய்தார்கள். நாடே கொதித்தது, விருந்து நடக்கவில்லை. விளம்பரம்தான் நின்றது. வெளிநாட்டவர் முதலாளி, வெளிநாட்டவர் பயிற்சியாளர், வெளிநாட்டவரே வாடிக்கையாளர், ஊர்க்காரர் துடைக்கவும் கூட்டவும் மட்டும் என்ற நிலை வந்துவிட்டால், விளம்பரம் இல்லாமலே அதே விருந்து தினமும் நடக்கும். வெளிநாட்டவர் முதலீடு செய்வதை நான் எதிர்க்கவில்லை. பலகையையும் பயிற்சி முறைகளையும் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான். ஊர்க்காரருக்கும் பங்கு இருக்கவேண்டும், சம்பளத்தில் மட்டுமல்ல, முடிவெடுக்கும் இடத்திலும் என்றுதான் சொல்கிறேன்.

அறுகம்பைக்கோ பாலிக்கோ மாலைதீவுக்கோ, எங்கே சறுக்கப் போவதாக இருந்தாலும், பணம் கட்டுமுன் கேம்ப்காரரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். ஒரு பயிற்சியாளரிடம் எத்தனை பேர்? அவரிடம் உயிர்காப்புச் சான்றிதழ் இருக்கிறதா? பயிற்சியாளர்களிலும் பொறுப்பில் உள்ளவர்களிலும் அந்த ஊரைச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? அந்த ஊர்ப் பிள்ளைகள் கடலில் இறங்கக் கேம்ப் என்ன செய்கிறது? நான்குக்கும் நேரான பதில் வந்தால் தயங்காமல் போங்கள். மழுப்பினால் வேறு கேம்ப் பாருங்கள். ஒவ்வொரு கரையிலும் நேர்மையாக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், உங்கள் காசு அவர்களுக்குப் போகட்டும்.